சில்லறை இல்லாத நாட்களில் சீட்டே காசு: அவசரகாலத் தாள் பணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் எடுத்துக் காட்டும் ஆல்பத்தில் நாணயங்கள் குறைவு. சில்லறைத் தட்டுப்பாடு வந்த காலங்களில் நகரசபைகளும் வணிகர் சங்கங்களும் சமஸ்தானங்களும் கடைக்காரர்களும் காசுக்குப் பதிலாக வெளியிட்ட சிறு தாள்களும் அட்டைகளுமே அதில் அதிகம். பார்க்க வருகிறவர் ராயபுரத்துக்காரராக இருந்தாலும் திருவொற்றியூர்க்காரராக இருந்தாலும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் பாதி சொல்லி மீதியை விட்டுவிடுகிறேன் என்ற மனக்குறையால், அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

அவசரகாலத் தாள் பணம் என்று எதைச் சொல்கிறோம்?

நாணயச்சாலையிலிருந்து வரவேண்டிய சில்லறை வராமல் போகும்போது, அல்லது வந்த சில்லறை மக்கள் கையிலிருந்து மறைந்துவிடும்போது, அன்றாட வியாபாரம் நின்றுவிடாமல் இருப்பதற்காக உள்ளூரில் ஒருவரோ ஓர் அமைப்போ பொறுப்பேற்று வெளியிடும் சீட்டையே இப்படி அழைக்கிறோம். அதன் மதிப்பு பெரும்பாலும் சிறியதாக இருக்கும். அது செல்லும் எல்லையும் சிறியதாகவே இருக்கும். இன்ன தேதிக்குள் இன்ன இடத்தில் கொண்டுவந்து கொடுத்தால் உண்மையான பணம் தரப்படும் என்ற வாக்குறுதி அதில் எழுதப்பட்டிருக்கும், அல்லது எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒரு சீட்டைக் கையில் எடுத்தவுடன் நான் முதலில் தேடுவது அந்த வாக்குறுதியைத்தான். படமும் அச்சும் எவ்வளவு அழகாக இருந்தாலும், யாரிடம் போய்க் கேட்டால் காசு கிடைக்கும் என்பது தெரியாத சீட்டை அந்தக் காலத்து மனிதர் ஒருவர் எதற்காக வாங்கியிருப்பார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

அரசு வெளியிட்ட காசு எங்கே போய் மறைகிறது?

பெரும்பாலான சமயங்களில் காசு அழிவதில்லை. பானைக்குள்ளும் பெட்டிக்குள்ளும் முந்தானை முடிச்சுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது. போர் வரும் என்ற செய்தி பரவியதும் மக்கள் தாளைக் கொடுத்துவிட்டு உலோகத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். மற்றொரு காரணம், காசில் உள்ள உலோகத்தின் விலை காசின் மேல் எழுதியிருக்கும் மதிப்பைத் தாண்டிவிடுவது. பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. அதில் தூய வெள்ளி 165 கிரெயின். ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் 4 பென்ஸ் என்ற மாற்று விகிதம் இருந்த காலத்தில், லண்டனில் வெள்ளி ஒரு அவுன்ஸ் 43 பென்ஸை எட்டினால், ரூபாயைச் செலவழிப்பதும் உருக்கி விற்பதும் ஒன்றாகிவிடும். 1917 ஆகஸ்டில் வெள்ளி அந்த விலையைத் தாண்டியது. அதற்குப் பிறகு ரூபாயை உருக்குகிறவனுக்கே லாபம் என்பதால், எவ்வளவு அச்சடித்தாலும் புழக்கத்தில் நிற்காது என்ற நிலை வந்தது.

மூன்றாவது காரணம் போர்த்தொழில். தோட்டாவுக்கும் இயந்திரத்துக்கும் செம்பும் நிக்கலும் தேவைப்படும்போது காலணாவுக்கு உலோகம் கிடைப்பதில்லை. இவற்றோடு தூரமும் சேர்ந்துகொள்ளும். நம் தங்கசாலைத் தெருவின் பெயருக்குக் காரணமான சென்னை நாணயச்சாலை 1869-ல் மூடப்பட்டுவிட்டது. அதன் பிறகு சென்னைக்கு வேண்டிய காசு கல்கத்தாவிலும் பம்பாயிலும் அச்சாகி இங்கே வந்து சேர வேண்டியிருந்தது. தெருவின் பெயரில் மட்டும் நாணயச்சாலை மிஞ்சியிருக்கும் ஊரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது எனக்கு ஒரு வருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

முதல் உலகப் போரின்போது சென்னையில் உள்ளூர்ச் சீட்டுகள் வெளியிடப்பட்டனவா?

எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவில் துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் வடசென்னையில் அதிகம் என்பதால், இந்தக் கேள்வி என்னிடம் தவறாமல் வருகிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தத் தட்டுப்பாட்டுக்கு அரசே சிறு மதிப்புத் தாள் நோட்டு மூலம் விடை தேடியது. 1917 நவம்பர் 30-ல் ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது. 1918 ஜனவரி 2-ல் இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு, அதாவது இரண்டரை ரூபாய் நோட்டு வந்தது. அந்த இரண்டரை ரூபாய் நோட்டுகளில், நோட்டு வெளியீட்டு வட்டத்தை, அதாவது அது எந்தப் பகுதிக்காக வெளியிடப்பட்டது என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். 'எம்' என்று இருந்தால் அது சென்னை வட்டத்துக்கு உரியது. வெள்ளிக்குப் பதிலாக நிக்கல் கலந்த உலோகத்தில் 1918-ல் இரண்டணாவும், 1919-ல் நாலணாவும் எட்டணாவும் அச்சிடப்பட்டன.

மக்கள் அந்தத் தாளை மனம் ஒப்பி வாங்கவில்லை. நாட்டின் பல இடங்களில் நோட்டை வெள்ளியாக மாற்ற வட்டம் பிடித்தார்கள். அதாவது, நோட்டில் எழுதியிருக்கும் தொகையைவிடக் குறைவான வெள்ளியே கைக்கு வந்தது. அரசு நோட்டுக்கே அந்த நிலை என்றால் அடிப்படைக் காரணம் ஒன்றுதான்: நோட்டைக் கொண்டுபோனால் வெள்ளி ரூபாய் கிடைக்குமா என்ற ஐயம். அந்த ஐயத்தைத் தணிக்க, 1918 ஏப்ரலில் அமெரிக்காவில் நிறைவேறிய பிட்மன் சட்டத்தின் வழியாக அந்த நாட்டுக் கருவூலத்தில் டாலர்களாகக் கிடந்த வெள்ளி உருக்கப்பட்டு, சுமார் 20 கோடி அவுன்ஸ் இந்தியாவுக்காக வாங்கப்பட்டது. வெள்ளி வந்து சேர்ந்த பிறகே நோட்டின் மீதான அச்சம் அடங்கியது. ஒரு ரூபாய், இரண்டரை ரூபாய் நோட்டுகள் 1926 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டன.

அப்படியானால் ஊர் ஊராகச் சீட்டு வெளியிட்டது எந்த நாடு?

இந்த விஷயத்தில் முதலில் பேச வேண்டியது ஜெர்மனியைப் பற்றித்தான். அங்கே இதற்கு நோட்கெல்ட் என்று பெயர். நெருக்கடிப் பணம் என்பது அதன் பொருள். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் மக்கள் தங்கத்தையும் வெள்ளியையும் பதுக்க, சம்பளம் கொடுக்கவும் ரொட்டி வாங்கவும் சில்லறை இல்லாமல் ஊர்கள் தவித்தன. நகரசபைகளும் தொழிற்சாலைகளும் சேமிப்பு வங்கிகளும் தாங்களாகவே சீட்டு அச்சடித்தன. தொடக்கத்தில் வந்தவை மிக எளிமையானவை: ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, முத்திரை குத்தி, ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்ட தாள். சில ஆண்டுகளில் நிக்கலும் செம்பும் போருக்குப் போய்விட, 10 ஃபென்னிக், 50 ஃபென்னிக் என்று மீண்டும் ஓர் அலை கிளம்பியது.

என் ஆல்பத்தில் ஹாமெல்ன் நகரத்தின் சீட்டு ஒன்று இருக்கிறது. எலிகளைக் குழலூதி அழைத்துச் சென்றவனின் கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஊர் அது; சீட்டிலும் அந்தக் குழலூதிதான் நிற்கிறான். 1920 முதல் 1922 வரை வந்த இத்தகைய வண்ணச் சீட்டுகளில் பெரும்பாலானவை சில்லறையாகச் செல்வதற்காக அச்சிடப்பட்டவை அல்ல. சேகரிப்பவர்கள் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டால் ஊருக்கு அந்தத் தொகை அப்படியே மிச்சம் என்பதை உணர்ந்து, ஊர்கள் தொடர் தொடராக வெளியிட்டன. பட்டிலும் லினன் துணியிலும் அச்சிட்ட பீல்ஃபெல்டு நகரச் சீட்டுகளும், தோலில் அச்சிட்ட ஓஸ்டர்வீக் ஊரின் சீட்டுகளும், மைசென் பீங்கான் ஆலையில் சுட்டெடுத்த காசுகளும் இந்த வரிசையில் வந்தவை. அவற்றின் அழகை நான் மறுக்கவில்லை; ஆனால் 1914-ல் அவசர அவசரமாக அச்சான, மை பரவிய, மடிப்பு விழுந்த சீட்டுகளின் மீதுதான் என் மனம் போகிறது, ஏனென்றால் அவற்றைக் கொடுத்து யாரோ உண்மையாகவே ரொட்டி வாங்கியிருக்கிறார்கள்.

1922-க்குப் பிறகு வந்தது வேறு கதை. அப்போது சில்லறை மட்டுமல்ல, எந்தப் பணமும் போதவில்லை. விலை ஏறும் வேகத்துக்கு அரசு அச்சகத்தால் ஈடுகொடுக்க முடியாமல், நகரங்களும் ஆலைகளும் ரயில்வேயும் லட்சம், கோடி என்று எண்ணைக் கூட்டிக்கொண்டே சீட்டு வெளியிட்டன. 1923 நவம்பரில் புதிய ரென்டன்மார்க் வந்தபோது ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி பழைய மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சீட்டுகளைச் சில்லறைத் தட்டுப்பாட்டுச் சீட்டுகளோடு ஒரே பக்கத்தில் வைப்பது சரியல்ல என்பதால் நான் தனி ஆல்பத்தில் வைத்திருக்கிறேன்.

சீட்டை வாங்கியவர் ஏமாறாமல் இருக்க ஏதாவது ஏற்பாடு இருந்ததா?

பிரான்சில் நல்ல ஏற்பாடு இருந்தது. 1914 முதல் அங்கே வணிகர் சங்கங்கள் 50 சென்டிம், ஒரு ஃபிராங்க், இரண்டு ஃபிராங்க் என்று சீட்டு வெளியிட்டன. வெளியிட்ட தொகைக்கு ஈடான பணத்தைப் பிரான்ஸ் வங்கியில் கட்டி வைக்க வேண்டும். அதைச் சீட்டிலேயே அச்சிட்டும் இருப்பார்கள். எந்த ஆண்டுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம் என்பதும் இருக்கும். ஊர்ச் சீட்டுகளில் இதைவிட நேர்மையான முறையை நான் பார்த்ததில்லை. சீட்டு அச்சடிக்கும் கையும் பணத்தைப் பூட்டி வைக்கும் கையும் வேறு வேறாக இருப்பதே இதன் பலம்.

இதற்கு முற்பட்ட ஒரு முன்மாதிரியும் உண்டு. 1685-ல், இன்றைய கனடாவில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றத்தில், பிரான்சிலிருந்து காசு ஏற்றிய கப்பல் வராததால் படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் போயிற்று. அங்கே நிர்வாகியாக இருந்த ழாக் த மெயுல், ஊரில் இருந்த விளையாட்டுச் சீட்டுகளை வாங்கி, அவற்றில் தொகை எழுதிக் கையெழுத்திட்டுச் சம்பளமாகக் கொடுத்தார். கப்பல் வந்ததும் சீட்டைப் பெற்றுக்கொண்டு காசு கொடுக்கப்பட்டது.

தபால்தலையைக் காசாகப் பயன்படுத்தியது உண்மையா?

உண்மைதான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862-ல் சில்லறை மறைந்ததும் மக்கள் தபால்தலைகளையே கொடுக்கத் தொடங்கினார்கள். பசை ஒட்டிக்கொண்டு தபால்தலைகள் கிழிந்ததால், ஜான் கால்ட் என்பவர் தபால்தலையைப் பித்தளைக் கூட்டுக்குள் வைத்து, மேலே மைக்காத் தகடு மூடிக் காசு போலச் செய்து அதே ஆண்டு காப்புரிமை பெற்றார். பின்பக்கப் பித்தளையில் வியாபாரிகள் தங்கள் விளம்பரத்தைப் பொறித்துக்கொண்டார்கள். ரஷ்யாவில் 1915-ல் அரசே தபால்தலையின் படத்தைத் தடித்த அட்டையில் அச்சிட்டு, இது வெள்ளிச் சில்லறைக்குச் சமமாகச் செல்லும் என்று பின்னால் எழுதி வெளியிட்டது.

இந்தியாவில் உள்ளூர் அளவில் இப்படிச் சீட்டு வெளியிட்டவர்கள் யார்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மோர்வி, ஜூனாகத், பூந்தி போன்ற சமஸ்தானங்கள் கேஷ் கூப்பன் என்ற பெயரில் சிறு அட்டைகளை வெளியிட்டன. ஒரு பைசா, ஓர் அணா என்று மதிப்பு மிகச் சிறியது. அட்டையும் ரயில் டிக்கெட் அளவில்தான் இருக்கும். என்னிடம் உள்ள ஒன்றின் ஓரங்கள் வட்டமாகத் தேய்ந்துவிட்டன. விரல் பட்டுப் பட்டு அட்டையின் நிறம் நடுவில் மட்டும் கறுத்திருக்கிறது. ஓர் அணாவுக்காக அந்த அட்டை எத்தனை கை மாறியிருக்க வேண்டும் என்பதை அந்தக் கறுப்பே சொல்கிறது.

பிரிட்டிஷ் இந்தியாவில் அப்போதும் அரசுதான் நடவடிக்கை எடுத்தது. தேவைக்கு மேல் காசைப் பதுக்குவது குற்றம் என்று 1940 ஜூனில் அறிவித்தது. அதே ஆண்டில் ஒரு ரூபாய் நோட்டை மீண்டும் கொண்டுவந்தது. வெள்ளி ரூபாயில் வெள்ளியின் அளவைப் பாதியாகக் குறைத்தது. 1943-ல் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்ட காலணா வந்தது. நம் பாட்டிமார் அரைஞாண் கயிற்றில் கோத்துக் குழந்தைக்குக் கட்டிய ஓட்டைக் காலணா அதுதான். ஜப்பானியர் வருவார்கள் என்ற அச்சத்தில் 1942 ஏப்ரலில் பாதிச் சென்னை காலியான கதையைக் கேட்டவர்கள், அந்தக் காலணாவை அந்த நாட்களின் சின்னமாகவே பார்க்கிறார்கள்.

கடலுக்கு அப்பால் இலங்கையில் இருந்த தமிழர் கைக்கு வந்தது இன்னொரு வகை. 1942-ல் இலங்கை அரசு வெளியிட்ட ஐந்து சத நோட்டில் குறுக்கே துளை வரிசை ஒன்று இருக்கும். கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதமாகவும் மற்றொன்று மூன்று சதமாகவும் செல்லும். சில்லறை கேட்டால் நோட்டையே கிழித்துக் கொடுக்கலாம் என்ற இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் அதை யோசித்தவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

அண்மைக் காலத்தில் இப்படி நடந்திருக்கிறதா?

2007-ல் வடகிழக்கு இந்தியாவிலும் கல்கத்தாவிலும் சில்லறை காணாமல் போனது. காசுகள் எல்லை தாண்டி வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டு, உருக்கப்பட்டு, சவர பிளேடாக மாறுகின்றன என்று காவல்துறை அப்போது கூறியது. வெள்ளி ரூபாய்க்கு 1917-ல் நேர்ந்ததே தொண்ணூறு ஆண்டுகள் கழித்து எஃகுக் காசுக்கும் நேர்ந்தது. அசாம் தேயிலைத் தோட்டங்கள் சில, தொழிலாளர்கள் தோட்டத்துக்குள் வாங்கவும் விற்கவும் அட்டைச் சீட்டுகளைக் கொடுத்தன.

இதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. கடைக்காரர் சில்லறைக்குப் பதிலாகக் கொடுக்கும் சீட்டை வேண்டாம் என்று சொல்ல நமக்கு வழி இருக்கிறது. சம்பளத்தைச் சீட்டாகக் கொடுத்தால், அது முதலாளி காட்டும் கடையில் மட்டும் செல்லுமென்றால், வாங்குகிறவருக்கு அந்த வழி இல்லை. பழைய தோட்ட டோக்கன்களைச் சேகரிப்பவர்கள் அவற்றின் வடிவத்தைப் பற்றி மட்டும் பேசாமல், அவற்றை வாங்கிய கைகளைப் பற்றியும் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

நம் பேட்டைகளில் நீங்கள் கண்ணால் கண்ட சீட்டு எது?

1980-களின் நடுவில் பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருமுனையில் ஒரு மளிகைக் கடை இருந்தது. நாலணாவுக்குப் பெரும் தட்டுப்பாடாக இருந்த ஒரு சமயத்தில், கடைக்காரர் சோப்புப் பெட்டி அட்டையைப் பஸ் டிக்கெட் அளவுக்கு வெட்டி, பின்பக்கம் ஊதா மையில் கடையின் ரப்பர் முத்திரை குத்தி, பச்சை மைப் பேனாவால் '25 பை.' என்று எழுதிச் சுருக்கக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். என் அம்மா அவற்றை அஞ்சறைப் பெட்டியின் மேல்தட்டில் போட்டு வைப்பார். இன்றும் அந்தச் சீட்டுகளில் சீரக வாசனை இருப்பதாக எனக்குத் தோன்றும்.

காசிமேட்டிலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் ஆயாவும் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டார். "அண்ணாச்சி கடைச் சீட்டு நாலு இருக்கு ஆயா, எடுத்துக்கறியா?" என்று அம்மா கேட்டால், "குடு கண்ணு, எப்படியும் நாளைக்குப் புளி வாங்கணும்" என்பார். கடைக்குள் பிறந்த சீட்டு கடைக்கு வெளியே பணமாக மாறிய இடம் அதுதான். ஆயாவுக்கு அந்தக் கடை தெரியும், கடைக்காரர் முகம் தெரியும், போய்க் கேட்கும் தூரமும் கைக்கெட்டிய தூரம். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் இருப்பதை நான் அகராதியில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த வாசற்படியில் தெரிந்துகொண்டேன்.

பிறகு ஒரு நாள் கடை பூட்டியிருந்தது. ஒரு வாரத்தில் பலகை கழற்றப்பட்டது. எங்கள் வீட்டில் பதினைந்து சீட்டுகள், அதாவது மூன்று ரூபாய் எழுபத்தைந்து காசு, அப்படியே தங்கிவிட்டது. ஆயாவிடம் அதைவிட அதிகம் இருந்தது. அவர் சுருக்குப் பையைத் திறந்து சீட்டுகளைத் திண்ணையில் எண்ணி எண்ணி வைத்ததை மறக்க முடியவில்லை. அம்மா தன்னால் முடிந்ததை மாற்றிக் கொடுத்தார். அந்தச் சீட்டுகள்தான் என் சேகரிப்பின் தொடக்கம்.

பஸ் டிக்கெட்டின் பின்னால் நடத்துநர் எழுதித் தரும் பாக்கியும் இந்த வகையில் சேருமா?

சேரும் என்றே நான் கருதுகிறேன். சில்லறை இல்லாதபோது நடத்துநர் டிக்கெட்டின் பின்புறம் தரவேண்டிய தொகையை எழுதிக் கொடுக்கிறார். இறங்கும்போது அதைக் காட்டி வாங்கிக்கொள்கிறோம். வெளியிட்டவர், தொகை, செல்லும் எல்லை, காலக்கெடு என்று எல்லாமே அதில் இருக்கின்றன. எல்லை அந்தப் பேருந்து, காலக்கெடு நம் நிறுத்தம். ஒரே நிறுத்தத்தில் இறங்கும் இரண்டு பயணிகளுக்குச் சேர்த்து ஒரே தாளைக் கொடுத்து, கீழே பிரித்துக்கொள்ளச் சொல்வதும் உண்டு. கூட்டத்தில் நெருக்கியடித்து இறங்கும் அவசரத்தில் கேட்க மறந்துபோன பாக்கிதான், தீர்க்கப்படாமல் நின்றுபோன வாக்குறுதி.

2016 நவம்பர் 8-ம் தேதிக்குப் பிறகு நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போய், கைக்கு வந்தது 2000 ரூபாய் நோட்டாக இருந்தபோது, அதை உடைக்க யாரிடமும் நோட்டு இல்லை. தெருக்கடைகள் பல, பாக்கியைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தன. பல கடைகள் சீட்டுகூட இல்லாமல் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டன. கடன் சொல்லிப் பழகிய தெருக்களே அந்த வாரங்களைத் தாங்கின.

சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பது இதில் அடங்குமா?

அடங்காது என்பதே என் உறுதியான கருத்து. மிட்டாயைக் கொடுத்த கடைக்காரர் அதே மிட்டாயைத் திரும்பக் காசாக வாங்கிக்கொள்வதில்லை. திரும்ப வாங்காத ஒன்று பணமாகாது. நாம் கேட்காத பொருளை நம்மிடம் விற்றதாகவே அதைக் கருத வேண்டும். 1970-களின் நடுவில் இத்தாலியில் சில்லறை இல்லாதபோதும் கடைகள் மிட்டாய் கொடுத்தன. ஆனால் அங்கே தொலைபேசி டோக்கன் 50 லீராவுக்குச் சமமாக எல்லோரிடமும் செல்லுபடியானது. 1975 இறுதியிலிருந்து வங்கிகள் 100, 150, 200 லீராவுக்குச் சின்னஞ்சிறு காசோலைகளை அச்சிட்டன. புதிய காசு போதுமான அளவு வந்ததும் அவை மறைந்தன.

இன்று ஒரு கடைக்காரரோ குடியிருப்போர் சங்கமோ இப்படிச் சீட்டு வெளியிடலாமா?

பணமாகச் சுற்றும் சீட்டை வெளியிடக் கூடாது. கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் பணம் தருவதாக வாக்களிக்கும் பத்திரத்தை ரிசர்வ் வங்கியும் மத்திய அரசும் தவிர வேறு யாரும் வெளியிடக் கூடாது என்று 1934-ம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31-ம் பிரிவு சொல்கிறது. உலோகத் துண்டைக் காசாகப் பயன்படுத்துவதை 2011-ம் ஆண்டின் நாணயச் சட்டம் தடுக்கிறது. ஒரு கடையின் பொருளை அதே கடையில் வாங்க மட்டும் பயன்படும் கூப்பனுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. உணவகத்தில் கொடுக்கும் டோக்கன் இந்த வகையைச் சேர்ந்தது.

இதோடு சேர்ந்து வரும் மற்றொரு கேள்வி பத்து ரூபாய் நாணயத்தைப் பற்றியது. 14 வடிவங்களில் வந்துள்ள பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவாக அறிவித்தது. ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களாக 1000 ரூபாய் வரை கொடுப்பது சட்டப்படி செல்லும். நல்ல நாணயத்தை வாங்க மறுத்துவிட்டுச் சில்லறை இல்லை என்று சொல்வதால், தட்டுப்பாட்டை நாமே உண்டாக்குகிறோம்.

கைப்பேசியில் பணம் அனுப்பும் காலத்தில் இவற்றுக்கு வேலை இருக்கிறதா?

யுபிஐ வந்த பிறகு ஏழு ரூபாயை ஏழு ரூபாயாகவே கொடுக்க முடிவதால் சில்லறைத் தகராறு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் மழை வெள்ளத்தில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் நின்றுபோன நாட்களை வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் இருப்பவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த நாட்களில் பத்து ரூபாய்த் தாள்களும் காசுகளும் வீட்டில் கொஞ்சம் இருப்பது நல்லது.

வீட்டில் பழைய சீட்டு கிடைத்தால் எப்படிப் பாதுகாப்பது, அதற்கு விலை உண்டா?

முதலில், லேமினேட் செய்யாதீர்கள். சூடு பட்ட பிளாஸ்டிக்கிலிருந்து தாளைப் பிறகு பிரித்தெடுக்கவே முடியாது. செல்லோடேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் பழுப்புக் கறை இறங்கும். கடற்காற்று வீசும் நம் பகுதியில் ஈரமும் இராமபாணப் பூச்சியும்தான் பெரிய எதிரிகள். ஆகவே வழவழப்பான பிவிசி உறைகளைத் தவிர்த்து, பாலியெஸ்டர் உறையில் இட்டு, சுவரோடு ஒட்டாத மரப்பலகையில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் நிழலில் ஒரு நாள் காற்றாட விடுங்கள். நீரால் கழுவுவதோ இஸ்திரி போடுவதோ வேண்டாம்.

விலையைப் பொறுத்தவரை, 1920-களின் ஜெர்மன் வண்ணச் சீட்டுகள் கோடிக்கணக்கில் அச்சானவை என்பதால் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும். சமஸ்தான அட்டைகளும் 'எம்' எழுத்துள்ள இரண்டரை ரூபாய் நோட்டும் அரியவை. அவற்றுக்குப் போலிகள் உண்டு என்பதால், அனுபவம் உள்ளவரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம். தெருமுனைக் கடைச் சீட்டுக்குச் சந்தையில் விலையே கிடையாது. அதற்காக அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தெரு, எந்தக் கடை, ஏறக்குறைய எந்த ஆண்டு, அதைக் கொடுத்து என்ன வாங்கினீர்கள் என்ற நான்கு விவரங்களைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி அதே உறைக்குள் வையுங்கள். என் பதினைந்து சீட்டுகளோடு நான் வைத்திருக்கும் தாளில், புளியும் சங்கரா மீனும் என்று எழுதியிருக்கிறது.